கண் பட்ட கணக்கு

கண் பட்டால் தேயும் என்பது
இந்தப் போர்வை விஷயத்தில் அப்பட்டமான உண்மை.

பிஸ்கோவுக்குத் தெற்கே, கடல் பார்த்த மணல்மேட்டில்
இரண்டாயிரம் வருடம்
ஒரு பிணத்தைச் சுற்றிக் கிடந்தது.
இருட்டு அதை ஒன்றும் செய்யவில்லை.
நாங்கள்தான் எடுத்து வந்து
கண்ணாடிக்குள் விரித்தோம்.
தொண்ணூறு ஆட்கள், கம்பளி நூலால் ஆனவர்கள்,
தலைமுடி பின்னால் இழுபடத்
தலைகீழாய்ப் பறக்கிறார்கள்.
வேர்ச்சாயச் சிவப்பு. இன்னும் ஈரம் போல.

என் வேலை, அதன்மேல் விழும் வெளிச்சத்தை
உழக்கால் அளந்து ஊற்றுவது.

வருடத்துக்குப் பதினைந்தாயிரம் லக்ஸ்-மணி.
தெல்மா எழுதி என் மேசையில் ஒட்டிய எண்.
அவள் துணிகளின் மருத்துவர்; பேரம் பேசமாட்டாள்.
ஐம்பது லக்ஸில் எரித்தால் முந்நூறு மணி.
கதவு திறந்திருப்பதோ இரண்டாயிரத்து நானூறு.
"மீதியை இருட்டால் நிரப்பு" என்றாள்.

நிரப்பினேன்.
கூரையில் நான்கு உணர்விகள்.
யாராவது வந்தால் விளக்கு மெல்ல விழிக்கும்.
போனால் ஒன்பது நொடியில் அடங்கும்,
அடங்கியது கண்ணுக்கே தெரியாத மாதிரி.
லீமாவிலிருந்து வந்த அதிகாரிகள் கைகுலுக்கினார்கள்.
சுற்றுலாப் பேருந்துக் கூட்டம்
கை நீட்டும், இடிக்கும், படமெடுக்கும், போகும்.
விளக்கு அவர்கள் பின்னால்
நாய்க்குட்டி மாதிரி ஓடும்.

ஆகஸ்டில், மணற்காற்று சன்னல்களை உரசிய
ஒரு செவ்வாய்க்கிழமை
சொராய்தா அஞ்சாந்தே வந்தாள்.
அஸ்பாரகஸ் ஆலையில் தரம் பிரிக்கிறவள்.
ஓடும் பட்டையில் நொடிக்கு நான்கு தண்டு.
அன்று விடுமுறை.

நின்றாள்.
நின்றாள் என்றால், நின்றாள்.
தோள்கூட அசையவில்லை.
நாற்பது நொடியில் என் விளக்கு
இங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டியது.

இருட்டில் ஒரு கை உயர்ந்து ஆடியது.
வெளிச்சம் வந்தது. நின்றாள். போனது.
மறுபடி கை.
மேலே, கண்காணிப்புத் திரையில் நான்.
கிளம்பாத ரயிலுக்கு
விடைகொடுத்துக்கொண்டே இருக்கிறவள் போலத் தெரிந்தாள்.
பதினேழு தடவை எண்ணினேன்.
பார்க்கிறவளை இல்லை என்றும்
பார்க்காமல் கடப்பவரை உண்டு என்றும்
எழுதியது என் நிரல்.

இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.
கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:
"மூன்றாம் வரிசை, ஏழாவது ஆள்.
ஒரு கண் மட்டும் வேற நூல்.
நூல் தீர்ந்திருக்கும். இல்லாட்டி தூக்கம் வந்திருக்கும்."
நான் தேடுவதற்குள் அணைந்தது.
இருவருமே அசையாமல் நின்றுவிட்டோம்.

அந்த வாரம் கூரை உணர்விகளைக் கழற்றினேன்.
மீன் சந்தைத் தராசு பழுதுபார்ப்பவரிடம்
எடைக்கட்டைகள் வாங்கி
மரத்தரைக்கு அடியில் பொருத்தினேன்.
அசையாவிட்டாலும் கனம் கனம்தானே.

"கூடுதல் மணிக்கு எங்கே போவாய்?" தெல்மா.
தொலைக்காட்சிப் படப்பிடிப்பை ரத்துசெய்தேன்,
அமைச்சரின் உதவியாளர் இரண்டு முறை கூப்பிட்டார்.
ஃபிதென்சியோ நெற்றிவிளக்கு மாட்டித் தரை துடைக்கிறார்,
சுரங்கத்தில் இறங்கியவர் மாதிரி முணுமுணுத்தபடி.
பேருந்துக் கூட்டத்துக்கு முப்பது லக்ஸ்தான்.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

டிசம்பரில் மறுபடி வந்தாள்.
ஒரு மணி இருபது நிமிடம்.
விளக்கு இமைக்கவில்லை.
அந்தச் சிவப்பிலிருந்து எவ்வளவு போயிருக்கும்?
எந்தக் கருவியிலும் பிடிபடாத அளவு.
ஆனாலும் போயிருக்கும். தெல்மா விடமாட்டாள்.

அவள் பலகையை விட்டு இறங்கினாள்.
நான் ஓரத்தில், தரையின் எடை படாத பக்கம்.
ஒன்பது நொடி இருந்தது.
ஓசி வெளிச்சத்தில் ஓடித் தேடினேன்:
மூன்றாம் வரிசை... ஐந்து, ஆறு...
ஒரு கண் மஞ்சள்.
இன்னொன்று